பக்கத்துக் கம்பியின் பேச்சு

மின்னணு, தகவல் தொடர்புத் துறை, 2004–2008 பேட்ச்

மலர்க்குழுவில் இருக்கும் நண்பர் போன் செய்தார். "ஹாஸ்டல் மெஸ், கேன்டீன் டீ, கட் அடிச்சுட்டு சினிமா போன கதை எல்லாம் நிறைய வந்தாச்சுப்பா. நீ உன் தொழிலைப் பத்தி ஒண்ணு எழுது. ஆனா சிவில்காரனுக்கும் புரியணும், அவன் கூட வர்ற குடும்பத்துக்கும் புரியணும்" என்றார்.

நான் பார்ப்பது சிப் வடிவமைப்பு வேலை. அதிலும் ஒரு மூலையில் இருக்கிற வேலை. சிப்புக்குள் ஓடும் கம்பிகள் ஒன்றுக்கொன்று தொந்தரவு கொடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தத் தொந்தரவின் பெயர் உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: கிராஸ் டாக்.

1990-களின் நடுவில் எங்கள் தெருவில் போன் இருந்த வீடுகள் இரண்டே இரண்டு. எங்களுக்குப் பக்கத்து வீட்டு பி.பி. நம்பர்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியப்பா பம்பாயிலிருந்து கூப்பிடுவார். பாதிப் பேச்சில், முன்பின் தெரியாத ஒருவர் உள்ளே வந்து அரிசி மூட்டைக்கு விலை பேசிக்கொண்டிருப்பார். அப்பா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "கிராஸ் டாக்" என்பார், ஏதோ வியாதியின் பெயரைச் சொல்வதுபோல. அரிசிக்காரர் மேல் எனக்குக் கோபம் கோபமாக வரும். பின்னாளில்தான் யோசித்தேன், அவர் செய்த தப்பு என்ன? அவர் வேலையை அவர் பார்த்தார். அவருடைய நியாயமான பேச்சு எங்களுக்கு இரைச்சல். எங்கள் பெரியப்பா பேச்சு அவருக்கு இரைச்சலாக இருந்திருக்கும்.

இரண்டாவது சம்பவம் நம் கல்லூரியில் நடந்தது. மூன்றாம் ஆண்டு வைவா. போர்டில் இரண்டு கேட் வரைந்து, நடுவில் ஒரு கோடு இழுத்து இணைத்தேன். சார் கேட்டார்: "கேட்டுக்கு மாடல் சொன்னே, சரி. இந்தக் கோட்டுக்கு என்ன மாடல்?"

"அதுக்கு மாடல் கிடையாது சார். அது வெறும் கம்பி."

சார் சிரித்தார். "வெறும் கம்பின்னு உலகத்துல எதுவும் கிடையாதுப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த பையனைக் கூப்பிட்டார். அந்த ஒரு வரி எனக்கு முழுசாகப் புரியப் பத்து வருஷத்துக்கு மேல் ஆச்சு. புரிந்த கதையைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், நூற்றைம்பது வருஷமாகப் பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் "வெறும் கம்பி" என்று நினைத்து எப்படி அடி வாங்கினார்கள் என்ற சரித்திரத்தைக் கொஞ்சம் பார்ப்போம்.

கடலுக்கடியில் ஒரு பாடம்

தந்தி வந்த புதிதில் கம்பியைக் குழாய் மாதிரித்தான் நினைத்தார்கள். இந்த முனையில் மின்சாரத்தை விட்டால் அந்த முனையில் வர வேண்டியதுதானே? நிலத்தில் மரக்கம்பத்தின் மேல் போன கம்பிகளில் இந்த நினைப்புப் பெரிய தொல்லை கொடுக்கவில்லை. கடலுக்கடியில் போட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. நடுவில் செம்புக் கம்பி, சுற்றிலும் மின்சாரம் கடத்தாத பிசின், அதற்கு வெளியே கடல் நீர். பிளஸ் டூ இயற்பியலில் படித்த மின்தேக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கடத்திகள், நடுவில் கடத்தாப் பொருள். கேபிள் முழுக்கவே ஒரு நீளமான மின்தேக்கி. அதை நிரப்பிய பிறகுதான் மறுமுனையில் சமிக்ஞை தெரியும்.

பின்னாளில் கெல்வின் பிரபு என்று பெயர் பெற்ற வில்லியம் தாம்சன் 1854–55-இல் இதற்குக் கணக்குப் போட்டார். கேபிளின் நீளம் இரண்டு மடங்கானால் தாமதம் இரண்டு மடங்காகாது, நான்கு மடங்காகும் என்றார். அட்லாண்டிக் கேபிள் கம்பெனியில் மின்சாரப் பொறுப்பில் இருந்தவர் வைல்ட்மன் ஒயிட்ஹவுஸ், தொழிலால் மருத்துவர். அவர் இந்தக் கணக்கை ஏற்கவில்லை. 1858 ஆகஸ்டில் அயர்லாந்துக்கும் நியூஃபவுண்ட்லாந்துக்கும் நடுவே கேபிள் போட்டு முடித்தார்கள். விக்டோரியா மகாராணியின் 98 வார்த்தை வாழ்த்துச் செய்தி போய்ச் சேர 16 மணி நேரம் பிடித்தது. சமிக்ஞை மெதுவாக வருகிறதா, இன்னும் வேகமாகத் தள்ளுவோம் என்று ஒயிட்ஹவுஸ் சுமார் 2,000 வோல்ட் கொடுத்தார். ஏற்கெனவே குறையோடு இருந்த கேபிள் சில வாரங்களில் செத்துப்போனது. தாம்சன் சொன்னபடி தடித்த செம்பு வைத்து, மெல்லிய சமிக்ஞையையும் உணரும் கருவிகளோடு, 1866-இல்தான் நிலையான கேபிள் அமைந்தது.

இது ஒரே கம்பியின் கதை. பக்கத்தில் இன்னொரு கம்பி வந்தபோது அடுத்த தொல்லை ஆரம்பித்தது.

அண்ணன் தம்பி ஜன்னல் சீட்

1876-இல் கிரகாம் பெல் டெலிபோனுக்குக் காப்புரிமை வாங்கினார். ஆரம்ப கால டெலிபோன் இணைப்புகளும் தந்தி மாதிரியே ஒற்றைக் கம்பிதான். திரும்பி வரும் பாதைக்குப் பூமி. தந்திக் கருவி கொஞ்சம் முரடு, சின்ன மின்சாரத்தை அது சட்டை செய்யாது. டெலிபோனோ மிக மிக மெல்லிய மின்சாரத்தையும் ஒலியாக்கிக் காட்டிவிடும். பக்கத்தில் ஓடும் தந்திக் கம்பியின் டக் டக் சத்தம், அடுத்த வீட்டுக்காரர் பேச்சு, எல்லாம் காதில் விழ ஆரம்பித்தன.

பெல்லே இதற்கு ஒரு வழி சொல்லி 1881-இல் காப்புரிமை வாங்கினார். ஒற்றைக் கம்பிக்குப் பதில் இரண்டு கம்பி போட்டு, அவற்றை ஒன்றோடொன்று முறுக்கிவிடுவதுதான் அந்த வழி. முறுக்கினால் என்ன ஆகும்? மழை நாளில் அண்ணனும் தம்பியும் டவுன் பஸ்ஸில் போகிறார்கள். ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை. ஒரு ஸ்டாப் வரை அண்ணன் ஜன்னல் ஓரம், அடுத்த ஸ்டாப் வரை தம்பி ஜன்னல் ஓரம் என்று மாறி மாறி உட்கார்ந்து போனால், இறங்கும்போது இரண்டு பேர் சட்டையும் ஒரே அளவு நனைந்திருக்கும். டெலிபோன் பார்ப்பது இரண்டு கம்பிக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான். வெளித் தொந்தரவு இரண்டிலும் சமமாக விழுந்தால் வித்தியாசம் பூஜ்யம். தொந்தரவைத் தடுக்கவில்லை, இரண்டு பேருக்கும் சமமாகப் பங்கு போட்டுக் காணாமல் செய்துவிட்டார்!

வழி தெரிந்தாலும் உடனே யாரும் மாற்றவில்லை. ஒன்றுக்கு இரண்டு கம்பி என்றால் செம்புச் செலவும் இரண்டு மடங்கு. அப்புறம் டிராம் வந்தது. 1888-இல் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் ஃபிராங்க் ஸ்ப்ரேக் அமைத்த மின்சார டிராம் வெற்றி பெற்றதும் ஊர் ஊராக டிராம் ஓட ஆரம்பித்தது. டிராமின் மின்சாரமும் தண்டவாளம் வழியாகப் பூமிக்குள் இறங்கித் திரும்பியது. டெலிபோன் நம்பியிருந்ததும் அதே பூமியைத்தான். டிராம் கிளம்பினால் டெலிபோன் அலறியது. இதற்குப் பிறகுதான் இரட்டைக் கம்பிக்கு மாறும் வேலை வேகம் பிடித்தது.

அதே காலத்தில் ஜான் கார்ட்டி என்ற டெலிபோன் பொறியாளர் ஒரு அழகான சோதனை செய்தார். கம்பிக்குக் கம்பி பேச்சு தாவுவதற்குக் காரணம் காந்தப் புலம் என்றுதான் பலரும் நம்பினார்கள். காந்தம் என்றால் பாதிக்கப்பட்ட கம்பி முழுக்க ஒரே மின்சாரம் சுற்றி ஓட வேண்டும். கம்பியின் நடுவில் டெலிபோனை வைத்தாலும் கேட்க வேண்டும். கார்ட்டி நடுவில் வைத்துக் கேட்டார், மௌனம். முனைகளில்தான் சத்தம். அதாவது நடந்துகொண்டிருந்தது பெரும்பாலும் மின்தேக்கியின் வேலை. இரண்டு கம்பிகளும் மின்தேக்கியின் இரண்டு தகடுகள். 1889-இல் கார்ட்டி சொன்ன இந்த முடிவை இன்றைய சிப்புக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

கேட்க ஆள் இல்லாத மேதை

இந்தச் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் ஆலிவர் ஹெவிசைடு. 1850-இல் லண்டனில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதில் வந்த காய்ச்சலால் காது மந்தம். பள்ளிக்கூடத்தைப் பதினாறு வயதில் விட்டார். தந்தி ஆபீஸில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு 1874-இல் அதையும் விட்டு, வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். இன்று எல்லாப் பொறியியல் கல்லூரியிலும் டிரான்ஸ்மிஷன் லைன் பாடத்தில் படிக்கும் சமன்பாடுகள் அவர் தந்தவை. உள்ளே ஒரு கம்பி, சுற்றிலும் குழாய் மாதிரி உலோக உறை என்ற கோ-ஆக்சியல் கேபிளுக்கு 1880-இல் காப்புரிமை எடுத்தார். இணையாக ஓடும் கம்பிகளுக்கு நடுவே நடக்கும் தூண்டல் பற்றி 1881-இல் கட்டுரை வெளியிட்டார். பெல் முறுக்கிய அதே ஆண்டு.

1887-இல், டெலிபோன் கம்பியில் மின்தூண்டலைக் கூட்டினால் பேச்சு சிதையாமல் தொலைதூரம் போகும் என்று கண்டுபிடித்தார். பிரிட்டிஷ் தபால் துறையின் பெரிய பொறியாளர் வில்லியம் பிரீஸ் இதை ஒப்புக்கொள்ளவில்லை. தூண்டல் கெடுதல் என்பது அவர் கட்சி. தபால் துறையில் வேலை பார்த்த தம் அண்ணன் ஆர்தரோடு சேர்ந்து ஹெவிசைடு எழுதிய கட்டுரை வெளிவர பிரீஸ் அனுமதி தரவில்லை. கிட்டத்தட்ட பன்னிரண்டு வருஷம் கழித்து அமெரிக்காவில் அதே தத்துவத்தில் சுருள்கள் செய்து கம்பியில் இடையிடையே மாட்டினார்கள். மைக்கேல் பூபின் காப்புரிமை வாங்கிப் பெரும் பணம் சம்பாதித்தார். ஹெவிசைடு வறுமையிலேயே இருந்து 1925-இல் காலமானார்.

பிரீஸ் முட்டாள் அல்ல, பெரிய நிர்வாகி. மார்க்கோனிக்கு ஆரம்பத்தில் கைகொடுத்ததும் அவர்தான். ஆனாலும், தனக்கு உடன்பாடில்லாத ஒரு கணக்கைக் காது கொடுத்துக் கேட்க அவருக்கு மனசு வரவில்லை. இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவேன்.

கம்பியை ஒழிக்கப் பிறந்த சிப்

1950-களின் கடைசியில் மின்னணுப் பொறியாளர்களுக்கு இருந்த பெரிய தலைவலி கம்பிதான். ஆயிரக்கணக்கான டிரான்சிஸ்டர்களை ஒவ்வொன்றாகக் கையால் பற்றவைத்து இணைத்து மாளவில்லை. 1958 செப்டம்பரில் ஜாக் கில்பி ஒரே துண்டில் எல்லாவற்றையும் செய்து காட்டினார். ஆனால் அவருடைய முதல் மாதிரியில் இணைப்புகள் மட்டும் மேலே தொங்கும் தங்கக் கம்பிகள். 1959-இல் ராபர்ட் நாய்ஸ் அந்தக் கம்பிகளையும் துண்டின் மேலேயே உலோகப் படலமாகப் பதித்துவிடலாம் என்றார். கம்பிப் பிரச்சினை தீர்ந்தது என்று எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். சொல்லப்போனால், ஐ.சி. பிறந்ததே கம்பியிடமிருந்து தப்பிக்கத்தான்.

1971-இல் வந்த இன்டெல் 4004-இல் 2,300 டிரான்சிஸ்டர்கள். நுணுக்கம் 10 மைக்ரான். அந்த அளவில் கம்பி உண்மையாகவே "வெறும் கம்பி"தான். தாமதம் எல்லாம் டிரான்சிஸ்டரில்.

1974-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டெனார்டும் நண்பர்களும் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார்கள். டிரான்சிஸ்டரை எல்லாப் பக்கத்திலும் ஒரே விகிதத்தில் சுருக்கினால் அது வேகமாகும், மின்சாரமும் குறைவாகக் குடிக்கும் என்பது அதன் சாரம். அடுத்த முப்பது வருஷத் தொழில் வளர்ச்சிக்கு அதுதான் வேதம். அதே கட்டுரையில் கம்பிகளுக்கும் ஒரு சின்ன அட்டவணை உண்டு. கம்பியைச் சுருக்கினால் மின்தடை ஏறும், அதன் தாமதம் குறையாது என்று அதில் இருக்கிறது. டிரான்சிஸ்டர் வேகமாகிக்கொண்டே போக, கம்பி இருந்த இடத்தில் நிற்கும் என்று அர்த்தம். முதல் அட்டவணையைக் கொண்டாடியவர்களில் எத்தனை பேர் இரண்டாவது அட்டவணையைப் பார்த்துக் கவலைப்பட்டார்கள்?

கம்பியை ஆரம்பத்திலிருந்தே மதித்தவர் சேமூர் கிரே. 1976-இல் லாஸ் அலமாஸுக்குப் போன அவருடைய கிரே-1 சூப்பர் கம்ப்யூட்டர் சி எழுத்து வடிவில் வளைந்து நின்றது. அழகுக்காக அல்ல. வளைவின் உட்பக்கத்தில் கம்பிகள் குட்டையாக இருக்கும் என்பதற்காக. எந்தக் கம்பியும் நாலு அடிக்கு மேல் போகக்கூடாது என்று விதி. கம்பிகள் எல்லாம் பெல் சொன்ன மாதிரி முறுக்கிய ஜோடிகள்.

சுவர்களாக மாறிய கம்பிகள்

1990-களில் கணக்குத் தீர்க்கும் நாள் வந்தது. டெக் நிறுவனத்தின் ஆல்ஃபா சிப் 1992-இல் 200 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. 1993-இல் ஜான்சனும் கிரகாமும் அதிவேக டிஜிட்டல் வடிவமைப்புக்கு எழுதிய புத்தகத்துக்கு "பில்லி சூனியக் கையேடு" என்ற அர்த்தத்தில் துணைத் தலைப்பு வைத்தார்கள். அவ்வளவு தூரம் இந்த விஷயம் மாந்திரீகமாகத் தோன்றியது. 1995-இல் இன்டெலின் மார்க் போர், இனிமேல் வேகத்துக்கு உண்மையான தடை இணைப்புக் கம்பிகள்தான் என்று தலைப்பிலேயே சொல்லி ஒரு கட்டுரை படித்தார்.

நடந்தது இதுதான். கம்பிகளை ஒல்லியாக்கி நெருக்கமாக வைத்தார்கள். ஆனால் உயரத்தை அதே அளவு குறைத்தால் மின்தடை எகிறிவிடும். அதனால் உயரத்தைக் கொஞ்சம்தான் குறைத்தார்கள். விளைவு, ஒரு காலத்தில் தரையில் விரித்த ரிப்பன் மாதிரி இருந்த கம்பிகள், நிமிர்ந்து நிற்கும் சுவர்கள் ஆகிவிட்டன. சுவருக்குச் சுவர் எதிரெதிரே. கார்ட்டி சொன்ன மின்தேக்கித் தகடுகள்! 1990-களின் இறுதிக்குள், கம்பிக்கும் தரைக்கும் நடுவே இருந்த மின்தேக்கியைவிடப் பக்கத்துக் கம்பியோடு இருந்த மின்தேக்கி பெரிதாகிவிட்டது. நெருக்கம் எவ்வளவு என்று கேட்டால், 2014-இல் இன்டெல் கொண்டுவந்த 14 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் ஒரு கம்பியிலிருந்து அடுத்த கம்பிக்கு 52 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் பருமனுக்குள் ஆயிரம் கம்பிகளுக்கு மேல் வரிசையாக நிற்கும்.

இதனால் இரண்டு தொல்லை. முதலாவது, சும்மா இருக்கும் கம்பி துள்ளுவது. ஒரு கம்பியின் மொத்த மின்தேக்கியில் 30 சதவீதம் பக்கத்துக் கம்பி ஒன்றோடு சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பக்கத்துக் கம்பி 0-வில் இருந்து 1 வோல்ட்டுக்குத் தாவினால், பிடித்து நிறுத்த ஆள் இல்லாத நம் கம்பி 0.3 வோல்ட் எழும்பும். இரண்டு பக்கமும் அப்படித் தாவினால் 0.6 வோல்ட். அப்புறம் அது பூஜ்யமா ஒன்றா என்று யார் சொல்வது? பிடித்து நிறுத்த ஒரு டிரான்சிஸ்டர் இருந்தால் துள்ளல் குறையும். ஆனாலும் துள்ளல் துள்ளல்தான்.

இரண்டாவது தொல்லை நேரம் மாறுவது. திருவிழாக் கூட்டத்தில் நடந்து பாருங்கள். கூட்டம் நம் திசையிலேயே போனால் தள்ளிக்கொண்டே போய்விடும், எதிர்த்திசையில் வந்தால் ஒரு அடி வைக்க முடியாது. பக்கத்துக் கம்பியும் அதே திசையில் மாறினால் நடுவில் உள்ள மின்தேக்கி இல்லாத மாதிரி. எதிர்த்திசையில் மாறினால் இரண்டு மடங்கான மாதிரி. ஜான் மில்லர் 1920-இல் வால்வு பெருக்கிகளுக்காக எழுதிய விளைவின் உறவுக்கார விஷயம் இது. ஒரே கம்பி, அதே நீளம். பக்கத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்து அதன் தாமதம் மாறும்!

எங்கள் தொழிலில் தொந்தரவு செய்யும் கம்பிக்கு அக்ரஸர், மாட்டிக்கொள்ளும் கம்பிக்கு விக்டிம் என்று பெயர். போலீஸ் ஸ்டேஷன் பாஷை. உண்மையில் அக்ரஸர் ஒரு குற்றமும் செய்யவில்லை. அரிசிக்காரரைப் போலத்தான்.

புது வியாதி, பழைய மருந்து

வேடிக்கை என்னவென்றால், இதற்குக் கண்டுபிடித்த மருந்துகள் எல்லாம் நம் தாத்தாக்கள் காலத்தவை. கம்பிகளைத் தள்ளித் தள்ளி வை. முடியாவிட்டால் நடுவில் ஒரு அசையாத கம்பியை, மின்சப்ளை கம்பியையோ தரைக் கம்பியையோ, வேலியாக நிறுத்து. ஆல்ஃபா 21264 சிப்பில் ஆறு உலோக அடுக்குகளில் இரண்டை முழுசாக மின்சப்ளைக்கும் தரைக்கும் ஒதுக்கி, சமிக்ஞைக் கம்பிகளுக்கு அருகே அசையாத தளமாகப் போட்டார்கள். ஹெவிசைடின் உலோக உறையின் தத்துவம்தான். நீளமான கம்பியைத் துண்டு துண்டாக்கி நடுவில் ரிப்பீட்டர் வை. அது தாம்சனின் சதுரக் கணக்குக்குப் பதில். 1997-இல் ஐ.பி.எம். அலுமினியத்துக்குப் பதில் செம்பைக் கொண்டுவருவதாக அறிவித்தது. அட்லாண்டிக் கேபிளுக்குத் தடித்த செம்பு போட்ட அதே காரணம், மின்தடை குறைய.

முறுக்கு மட்டும் சிப்பில் முடியுமா? முடிந்தது. நினைவகச் சிப்பில் பிட் லைன் என்ற நீளமான ஜோடிக் கம்பிகள் உண்டு. 1988–89 வாக்கில் ஜப்பானியப் பொறியாளர்கள் அந்த ஜோடிகளை இடையிடையே இடம் மாற்றிக் குறுக்கே போட்டுத் தொந்தரவைக் குறைத்தார்கள். பெல்லின் முறுக்கு நூறு வருஷம் கழித்து சிலிக்கானில் மறுபிறவி எடுத்தது. கல்லூரி லேபில் பழைய லேன் கேபிள் கிடந்தால் ஒரு சாண் நறுக்கிப் பாருங்கள். நாலு ஜோடி இருக்கும். ஒவ்வொரு ஜோடியும் ஒவ்வொரு இறுக்கத்தில் முறுக்கியிருக்கும். ஜோடிக்கு ஜோடி பேச்சு தாவாமல் இருக்கத்தான்.

இதோடு கதை முடிந்ததா என்றால் இல்லை. 2014-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தையும் இன்டெலையும் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 129 நினைவகப் பலகைகளைச் சோதித்தார்கள். ஒரே வரிசையை லட்சக்கணக்கான தடவை திரும்பத் திரும்பத் திறந்து மூடினால், தொடவே தொடாத பக்கத்து வரிசையில் பிட்டுகள் மாறின. 129-இல் 110 பலகைகளில் இது நடந்தது. ரோஹாமர் என்று பெயர். அடுத்த ஆண்டே கூகுள் ஆராய்ச்சியாளர்கள் இதை வைத்து ஒரு சாதாரண புரோகிராம் கம்ப்யூட்டரின் முழு அதிகாரத்தையும் கைப்பற்றலாம் என்று காட்டினார்கள். பக்கத்து வீட்டுச் சத்தம் என்று நினைத்தது, சுவரில் கன்னம் வைக்கும் அளவுக்கு வந்துவிட்டது.

என் கையெழுத்து

இனி என் கதை. சில வருஷம் முன்பு, நான் அப்போது வேலை பார்த்த நிறுவனத்தில் ஒரு சிப் டேப்-அவுட்டுக்கு, அதாவது தொழிற்சாலைக்கு அனுப்ப, ரெடியாகிக்கொண்டிருந்தது. கிராஸ் டாக் சோதிக்கும் மென்பொருள் கடைசியில் ஒரு நீளமான குறைப் பட்டியல் தரும். அதில் திருத்த வேண்டியதைத் திருத்துவோம். நடைமுறையில் நடக்கவே நடக்காது என்று தோன்றுவதைக் காரணம் எழுதித் தள்ளுபடி செய்வோம். அதற்குப் பொறுப்பாளர் கையெழுத்து வேண்டும். பொறுப்பாளர் அடியேன்.

என் டீமில் நம் கல்லூரியிலேயே படித்து வந்த ஒரு ஜூனியர் பெண். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பட்டியலில் ஒரு வரியைக் காட்டினாள். ஒரு ரீசெட் கம்பி. அதற்கு இரண்டு பக்கமும் டேட்டா பஸ்ஸின் கம்பிகள் கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் தூரம் கூடவே ஓடுகின்றன.

"அண்ணா, இதை நிஜமாவே விட்டுடலாமா? ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல மாறினா ரீசெட் துள்ளுமே."

"எல்லா பிட்டும் ஒரே நேரத்துல மாறுற மாதிரி டேட்டா அந்த மோடுல வராதும்மா. வெள்ளிக்கிழமை டேப்-அவுட். இப்ப ரூட்டிங்கைத் தொட்டா வேற பத்து உடையும்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான் கையெழுத்துப் போட்டேன்.

சிப் திரும்பி வந்தது. எல்லாச் சோதனையும் பாஸ். கேக் வெட்டினோம். ஒரு மாதம் கழித்து லேபிலிருந்து தகவல் வந்தது. எப்போதாவது ஒரு தடவை சிப் அப்படியே நின்றுவிடுகிறது. குளிரூட்டி, சப்ளை வோல்டேஜைக் கொஞ்சம் ஏற்றினால் அடிக்கடி நிற்கிறது. எங்கள் சிப்பில் குளிரும் கூடுதல் வோல்டேஜும் டிரான்சிஸ்டரை வேகமாக்கும். வேகமானால் பக்கத்துக் கம்பிகள் வெடுக்கென்று தாவும், துள்ளல் பெரிதாகும். இது எனக்குத் தோன்ற ஐந்து வாரம் ஆச்சு. மென்பொருள், மதர்போர்டு, மின்சப்ளை என்று எல்லோரையும் சந்தேகப்பட்ட பிறகு, ஒரு ராத்திரி அந்தப் பழைய பட்டியலைத் திறந்தேன். அதே வரி. பக்கத்தில் என் பெயர், தேதி, "நடக்காது" என்ற குறிப்பு. மென்பொருள்காரர்கள் நினைவகத்தைச் சோதிக்க எல்லா பிட்டையும் பூஜ்யத்திலிருந்து ஒன்றாக மாற்றும் ஒரு பழக்கமான வழியை வைத்திருந்தார்கள். அது அந்த மோடில்தான் ஓடியது. அதை நான் அவர்களிடம் கேட்டதே இல்லை.

உலோக அடுக்கை மட்டும் மாற்றி மறுபடி அச்சடித்தோம். திருத்தம் என்று பார்த்தால் ஒரு கம்பியைக் கொஞ்சம் தள்ளிவைத்தது, அவ்வளவுதான். அதற்குப் பணமும் நாலு மாதமும் போயின. மறுநாள் காலை டீம் கூட்டத்தில், அந்தக் கேள்வியை முதலில் கேட்டது யார் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "பரவாயில்ல அண்ணா" என்றாள். எனக்குத்தான் பரவாயில்லாமல் இல்லை. ஹெவிசைடின் கதையை எத்தனை தடவை படித்து பிரீஸைத் திட்டியிருக்கிறேன்! நாற்காலியில் உட்கார்ந்த பிறகு நானே பிரீஸ் ஆனது எனக்கே தெரியவில்லை.

இந்தச் சரித்திரத்திலிருந்து நான் கற்றது ஒன்றுதான். ஒவ்வொரு தலைமுறையும் பொருளைப் பார்த்தது, பொருளுக்கும் பொருளுக்கும் நடுவில் இருப்பதைப் பார்க்க மறந்தது. தந்திக் கருவியைப் பார்த்தார்கள், கேபிளை மறந்தார்கள். டெலிபோனைப் பார்த்தார்கள், பூமியை மறந்தார்கள். டிரான்சிஸ்டரைப் பார்த்தோம், கம்பியை மறந்தோம். ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர் முன்கூட்டியே சொல்லித்தான் இருக்கிறார். கணக்கு தப்பவில்லை, காதுதான் தப்பியது.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம். கட்டடத்துக்கு நன்கொடை, ஏழை மாணவர்களுக்கு உதவித்தொகை என்று நல்ல காரியங்கள் நடக்கின்றன, நடக்கட்டும். கூடவே, வருஷத்துக்கு இரண்டு சனிக்கிழமை மதியம் கடைசி ஆண்டு மாணவர்களை உட்காரவைத்து, நம் பழைய மாணவர்கள் தங்கள் தோல்விகளைச் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள். வெற்றியைத்தான் மேடையில் எல்லோரும் சொல்கிறோமே. முதல் சனிக்கிழமைக்கு நான் வருகிறேன். அந்த வரியையும் கையெழுத்தையும் போர்டில் எழுதிக் காட்டுகிறேன்.

வைவா எடுத்த சார் ஓய்வு பெற்றுவிட்டார். இந்த விழாவுக்கு வருவார் என்று சொன்னார்கள். சார், பதில் சொல்லக் கொஞ்சம் லேட்டாகிவிட்டது. அந்தக் கோட்டுக்கு ஒரு மின்தடை, தரைக்கு ஒரு மின்தேக்கி, பக்கத்துக் கோட்டுக்கு ஒரு மின்தேக்கி. அந்தக் கடைசி ஒன்றைத்தான் நான் போடாமல் விட்டுவிட்டேன்.